'சப்மிசிவ்' என்றால் பணிவா, அடிபணிவா?

கேள்வி: அகராதியில் 'சப்மிசிவ்' என்பதற்குப் 'பணிவான' என்று பொருள் இருக்கிறது. வேலை விண்ணப்பத்தில் என்னைப் பற்றி அப்படி எழுதலாமா?

பதில்: எழுதிவிடாதீர்கள். நானே விழுந்து எழுந்த குழி இது. என்னிடம் பயிற்சி பெற்ற பெண்ணுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது, 'அறிவும் பணிவும் உள்ளவர்' என்று மனத்தில் நினைத்து 'இன்டெலிஜென்ட் அண்ட் சப்மிசிவ்' என்று எழுதிவைத்தேன். படித்துப் பார்த்த நண்பர் அந்தச் சொல்லைப் பென்சிலால் சுழித்து, 'இந்தப் பெண்ணை யாராவது மிரட்டி வைத்திருக்கிறார்களா?' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

தமிழில் பணிவு பெருமைக்குரியது. 'பணியுமாம் என்றும் பெருமை' என்கிறது குறள். ஆங்கிலச் சொல்லில் அந்த மணம் இல்லை. தன் விருப்பத்தை விழுங்கிக்கொண்டு அடுத்தவர் ஆட்டுவித்தபடி ஆடுபவர் என்பதே அதில் முன்னால் நிற்கும். உங்களுக்கு வேண்டியது 'ஹம்பிள்'. பெரியவர்களிடம் காட்டும் மரியாதை என்றால் 'ரெஸ்பெக்ட்ஃபுல்'.

கேள்வி: அப்படியானால் சரியான தமிழ்ச் சொல் எது? 'அடக்கமான' பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 'அடங்கிப்போகிற' என்பதுதான் நெருங்கி வருகிறது. 'ஷி வாஸ் சப்மிசிவ் டு ஹெர் பிரதர்' என்றால் 'அண்ணனுக்கு அடங்கிப்போனாள்'. அடக்கமும் அடங்கிப்போவதும் ஒரே வேரில் பிறந்தவைதான். ஆனால் தன்னைத் தானே ஆண்டுகொள்பவருக்கு இருப்பது அடக்கம். அடங்கிப்போவதற்கோ எதிரில் இன்னொருவர் வேண்டும். ஆங்கிலத்தில் அந்த இன்னொருவரைச் சுட்டத்தான் 'டு' வருகிறது.

கேள்வி: விண்ணப்பத்தை 'சப்மிட்' செய்கிறோமே, அதற்கும் இதற்கும் உறவு உண்டா?

பதில்: ஒரே வீட்டுப் பிள்ளைகள். லத்தீனில் 'சப்' என்றால் கீழே, 'மித்தெரே' என்றால் அனுப்புதல். தாளைக் கொண்டுபோய் வைத்தால் சமர்ப்பித்தல், தன்னையே வைத்தால் சரணடைதல். மல்யுத்தத்தில் பிடி தாங்காமல் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதும் 'சப்மிஷன்'தான். ஏவுகணையைக் குறிக்கும் 'மிசைல்'கூட இந்த 'மித்தெரே' வழி வந்தது என்றால் நம்புவீர்களா?

கேள்வி: 'ஒபீடியன்ட்', 'டோசைல்', 'மீக்', 'சர்வைல்' எல்லாமே இதே பொருள்தானே?

பதில்: இல்லை. 'ஒபீடியன்ட்' எனக்குப் பிடித்த சொல். அதன் வேர் காதால் கேட்பதைக் குறிக்கும் லத்தீன் சொல். 'ஆடியோ'வும் அங்கிருந்து வந்ததுதான். நாமும் 'சொன்னால் கேட்கிறான்' என்றுதானே கீழ்ப்படிதலைச் சொல்கிறோம்! ஆனால் கீழ்ப்படிய ஒரு கட்டளையோ விதியோ வேண்டும். எதுவும் சொல்லப்படுவதற்கு முன்பே குனிந்து நிற்பவர்தான் 'சப்மிசிவ்'.

'டோசைல்', 'டாக்டர்' இரண்டும் கற்பித்தலைக் குறிக்கும் ஒரே வேரில் பிறந்தவை. எளிதில் கற்பவர் என்ற பழைய பொருள் தேய்ந்து, இப்போது சாதுவான மாட்டுக்கும் குதிரைக்கும் பொருந்துகிறது. மனிதரைச் சொன்னால் லேசான ஏளனம் தொனிக்கும். 'மீக்' மென்மையானது, விவிலியத்தின் மலைப்பொழிவில் 'சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்' என்று வரும் இடத்தில் பழைய ஆங்கிலப் பெயர்ப்பில் இருப்பது இந்தச் சொல்தான். 'சர்வைல்' வசை. அடிமை என்ற லத்தீன் சொல்லே அதற்குள் இருக்கிறது.

கேள்வி: நாய்களைப் பற்றிய கட்டுரையில் இச்சொல்லைப் பார்த்தேன். அங்கேயும் இழிவுதானா?

பதில்: அங்கே இழிவு இல்லை, வெறும் விவரிப்பு. காதைப் பின்னால் மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கி, மல்லாந்து வயிற்றைக் காட்டினால் 'சண்டை வேண்டாம்' என்று பொருள். அந்தத் தோரணைக்குத்தான் 'சப்மிசிவ்' என்று பெயர். வயிற்றைச் சொறிந்துவிடச் சொல்லியும் நாய் மல்லாக்கும். உடல் விறைத்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: உச்சரிப்பு?

பதில்: சப்-மி-சிவ். அழுத்தம் நடுவில்.

கேள்வி: எதிர்ச்சொல் 'அசெர்ட்டிவ்' தானே?

பதில்: ஆம், தன் நிலையைத் தயங்காமல், பிறரை மிதிக்காமல் சொல்பவர். அடக்கி ஆள்பவர் என்றால் 'டாமினன்ட்'. 'அசெர்ட்டிவ்' என்பதற்கு 'அடங்காப்பிடாரி' என்று எழுதிய விடைத்தாள் ஒன்றைத் திருத்தியிருக்கிறேன். எதிர்த்து நிற்பவரைக் குறிக்கும் 'டிஃபையன்ட்' என்பதற்குக்கூட அது காரம் அதிகம்.