ஒன்றாம் வகுப்புக்கு முன் 'அ' அவசரமில்லை, பட்டன்தான் அவசரம்

"என் மகன் இரண்டு வருடமாகப் பால்வாடிக்குப் போகிறான். ஜூனில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. இன்னும் 'அ' எழுத வரவில்லை. லீவிலேயே டியூஷனில் விடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேண்டாம். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டு, கதை, விளையாட்டு வழியாகத்தான் பாடம் நடக்கிறது. 'அ' அங்கே வந்துவிடும்.

நான் கவலைப்படுவது கழிப்பறையைப் பற்றி. பால்வாடியில் ஆயாம்மா டவுசரைக் கழற்றிவிடுவார், கழுவிவிடுவார். பள்ளியில் டீச்சருக்கு வகுப்பை விட்டு நகர முடியாது. பட்டன், கொக்கி, பெல்ட் என்று சீருடை வேறு. கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுக்க அடக்கி வைக்கும் பிள்ளைகள் நிறைய. அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அப்புறம் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று. 'ஸ்கூலுக்கு மாட்டேன்' என்ற அழுகைக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது.

இன்னொன்று பலர் யோசிப்பதில்லை. சாப்பிட்டவுடன் குடல் அசையும், வெளிக்குப் போக வேண்டும் என்று தோன்றும். காலை உணவுத் திட்டத்தில் பிள்ளை பள்ளியில் சாப்பிட்டால் அந்த உந்துதலும் பள்ளியில்தான் வரும். ஆகவே எழுந்ததும் வீட்டில் ஒரு டம்ளர் பாலோ ஒரு வாழைப்பழமோ கொடுத்து, பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்கார வையுங்கள். மே மாதத்திலேயே தொடங்கினால் ஜூனுக்குள் பழகிவிடும்.

டவுசரை இறக்கி ஏற்ற, கழுவ, தண்ணீர் ஊற்ற அவனே பழகட்டும். எலாஸ்டிக் டவுசருக்கு அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். "டீச்சர், ஒண்ணுக்கு வருது" என்று சத்தமாகச் சொல்ல வீட்டில் டீச்சர் விளையாட்டு விளையாடுங்கள். சேர்க்கைக்குப் போகும்போதே பள்ளிக் கழிப்பறையைக் காட்டி, ஒருமுறை போகவும் வையுங்கள்.

பால்வாடியில் மத்தியானம் தூங்கிப் பழகியவன் ஜூனில் சாயங்காலம் எரிந்து விழுவான். அது அடமில்லை, தூக்கம். எட்டரைக்கே படுக்க வையுங்கள். "டீச்சர்கிட்ட சொல்றேன் பாரு" என்று மட்டும் மிரட்டாதீர்கள். ஒண்ணுக்கு வந்தால் அவன் போய்க் கேட்க வேண்டியதே அந்த டீச்சரிடம்தான்.

ஒரு மாதம் கழித்தும் உடையிலேயே போகிறான், அல்லது எப்போதானாலும் சரி, போகும்போது எரிகிறது என்கிறான் என்றால், திட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.