மூக்கு ஆபரேஷன், ஆபிஸில் என்ன சொல்வது?

வணக்கம் சகோதரி. டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மூக்கைத் திருத்திக்கொள்ளப் போகிறீர்கள், ஆபிஸிலும் தோழிகளிடமும் மூச்சு விடக் கூடாது, லீவுக்கு என்ன காரணம் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். காரணமே சொல்லாதீர்கள். வருடாந்திர லீவு எடுங்கள், சட்டப்படி வருடத்துக்கு வார இறுதியும் சேர்த்து 21 நாள் உண்டு, டிசம்பரில் பாதி ஊரே லீவில்தான் இருக்கும், யார் கவனிக்கப் போகிறார்கள்? சிக் லீவுதான் எடுக்க வேண்டுமென்றாலும் பயமில்லை, உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் சான்றிதழில் நோயின் பெயரை எழுதக் கூடாது.

மூக்கின் மேல் வைக்கும் கட்டு சுமார் ஒரு வாரம் இருக்கும். கண்ணுக்குக் கீழே முதலில் ஊதாவாகக் கன்றி, அப்புறம் மஞ்சளாக மாறும், அது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மங்கிவிடும், மிச்சத்தை மேக்கப் மறைக்கும். மூக்குக் கண்ணாடி போடுபவரா? சில வாரங்களுக்கு அதன் பாரம் மூக்கில் விழக் கூடாது என்பார்கள், ஆபிஸில் காட்டிக்கொடுப்பதே அதுதான், காண்டாக்ட் லென்ஸ் பற்றி இப்போதே கேட்டுவையுங்கள்.

மயக்க மருந்து கொடுத்த பின் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், அதனால் ஒருவரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். நம் இந்தியர்கள் நிறைந்த டர்பன் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆன்ட்டிக்குத் தெரிந்தால் கோயில் வாட்ஸ்அப் குரூப் முழுக்கத் தெரிந்த மாதிரி, ஆகவே வாய் திறக்காத ஆளாகப் பாருங்கள். விபத்து, கீழே விழுந்தேன் என்றெல்லாம் கதை கட்டாதீர்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்லி மாட்டிக்கொள்வீர்கள். யாராவது உற்றுப் பார்த்தால் "லீவில் நன்றாகத் தூங்கினேன்" போதும். மூக்குத்தியை ஆபரேஷனுக்கு முன் கழற்றச் சொல்வார்கள், திரும்ப எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள், தைப்பூசக் காவடிக்கு அது இல்லாமல் போனால் முதல் கேள்வி அங்கேதான் வரும்.