வாசகர் கேள்வி: பாதி கறுப்பு, பாதி வெளுப்பு

கேள்வி: உடலில் ஒரு பாதி கறுப்பாகவும் மறுபாதி வெளுப்பாகவும் உள்ள ஆக்சலாட்டிலை (நீரிலேயே வாழும், பல்லி போன்ற உருவமுள்ள சாலமாண்டர் வகை உயிரி) வளர்த்தால், அதே நிறத்தில் குஞ்சுகள் கிடைக்குமா? அரிய நிறத்துக்குத் தனிப் பராமரிப்பு தேவையா?

பதில்: கிடைக்காது. நடுவே கோடு கிழித்தாற்போல் நிறம் பிரிந்திருப்பது பெரும்பாலும் 'கைமீரா' வகை. இரண்டு கருக்கள் ஒட்டி ஓருடலாக வளர்ந்த தற்செயல் அது என்பதால், அந்தத் தோற்றம் அடுத்த தலைமுறைக்கு இறங்குவதில்லை. லூசிஸ்டிக், அல்பினோ, மெலனாய்டு, காப்பர் போன்ற நிற வகைகளே மரபுவழி வருபவை. வெள்ளை உடலில் கண் கறுப்பாக இருந்தால் அது லூசிஸ்டிக், அல்பினோ அன்று. விற்பவர்களே இதைக் குழப்பிக்கொள்வதுண்டு.

பராமரிப்பில் நிறத்தைவிடத் தண்ணீரே முக்கியம். மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட இவ்வுயிருக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி உகந்தது. 24 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. இமைகள் இல்லாததால் வெளிச்சம் மங்கலாகவே இருக்கட்டும்; அல்பினோவுக்கு ஒளிந்துகொள்ள இடமும் அவசியம். இறகு போன்ற வெளிச்செவுள்கள் எந்நேரமும் முன்னோக்கி வளைந்திருந்தால், வடிகட்டியின் நீரோட்டம் மிகுதியா என்று முதலில் பாருங்கள். வாயில் நுழையக்கூடிய கூழாங்கற்களைத் தொட்டியில் போடாதீர்கள். இரையோடு சேர்த்து விழுங்கிவிடும்.