பாகம் பார்த்து நிறம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு புல்லட் 350 ஒன்று இருக்கிறது. பதிவைப் புதுப்பித்த கையோடு, வண்டியை முழுவதும் பிரித்து மறுபடியும் கட்டும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். டேங்கும் மட்கார்டுகளும் பழையபடி கறுப்பாகவே இருக்கும். ரிம், என்ஜின் மூடிகள், முன் ஃபோர்க், சைலன்சர், செயின் கார்டு ஆகிய ஐந்துக்கும் சிவப்பு கொடுக்கலாம் என்பது என் எண்ணம். நண்பர்கள் தங்க நிறம் என்கிறார்கள். பவுடர் கோட்டிங் செய்பவரோ எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எதைக் கேட்பது? – ஆற்காடு வாசகர்

பதில்: ஐந்து பாகங்களுக்கும் சிவப்பு கொடுத்துவிட்டால், அது கண்ணை ஓரிடத்துக்கு இழுக்கும் எடுப்பு நிறமாக இருக்காது, கறுப்போடு மல்லுக்கட்டும் இன்னொரு நிறமாகிவிடும். உங்களுக்குப் பக்கத்திலேயே குடியாத்தம் இருக்கிறது. அங்கே நெய்யும் கட்டம் போட்ட லுங்கி ஒன்றை விரித்துப் பாருங்கள். பெரும்பரப்பை ஒரு நிறம் எடுத்துக்கொள்ள, கட்டத்தின் ஓரத்தில் ஓடும் இரண்டு மூன்று இழைகள்தான் துணிக்கு முகம் கொடுக்கின்றன. அந்த இழைகளை நான்கு விரல் அகலமாக்கினால் அது வேறு துணி.

ஆகவே நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், வண்டியில் ஏற்கெனவே எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று எண்ணிவிடுங்கள். கறுப்பு ஒன்று, குரோமியத்தின் பளபளப்பு இரண்டு, என்ஜின் மூடியின் அலுமினிய வெண்மை மூன்று, சீட்டு எந்த நிறமோ அது நான்கு. டேங்கில் பழைய பொன்னிறக் கோடுகள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. சென்னைத் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுக்கப்படும் அந்தக் கோடுகள் உங்கள் டேங்கில் இருந்தால், அல்லது அவற்றை மறுபடியும் போடுவதாக இருந்தால், எடுப்பு நிறம் அங்கேயே முடிவாகிவிட்டது. உங்கள் நண்பர்கள் சொல்வதுதான் சரி. கோடு இல்லாத வெறும் கறுப்பு டேங்க் என்றால் சிவப்பும் அழகாகவே இருக்கும்.

இனி அந்த நிறம் எங்கே போகலாம் என்பது. இதை உங்கள் விருப்பத்தைவிட அந்தந்தப் பாகத்தின் உலோகமும் சூடும்தான் முடிவு செய்கின்றன. பவுடர் கோட்டிங் என்பது மின்னூட்டம் பெற்ற நிறப்பொடியை உலோகத்தின்மேல் படியச் செய்து, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் உருக்கிப் பிடிக்கவைக்கும் வேலை. என்ஜின் தலையிலிருந்து இறங்கும் புகைக்குழாய் ஓட்டத்தில் அதைவிடச் சூடேறும் என்பதால், அங்கே பூசிய சிவப்பு பழுப்பேறி உரிந்து வந்துவிடும். அதற்கென உள்ள வெப்பம் தாங்கும் சிலிகான் பெயிண்டை அடிக்கலாம் என்றாலும், சைலன்சரைக் குரோமியமாகவே விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. சூட்டைக் காற்றில் கலக்கவிடும் சிலிண்டர் துடுப்புகளிலும் (என்ஜினைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள்) கனமான பூச்சு வேண்டாம். கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் பக்கத்தில் என்ஜினுக்குப் போர்வை போர்த்திவிடுவது நல்லதல்ல. மெல்லிய மங்கல் கறுப்பு போதும்.

என்ஜின் மூடிகளைப் பாலிஷ் போட்ட அலுமினியமாகவே வைத்திருங்கள். பூட்ஸ் உரசும் இடம் அது. பெயிண்ட் ஆறு மாதத்தில் தேய்ந்துபோகும், அலுமினியமோ மறுபடி பாலிஷ் போட்டால் புதிதாகிவிடும்.

முன் ஃபோர்க்கில் வெளிக்குழாய்க்கு மட்டும் நிறம் கொடுக்கலாம். ஆயில் சீல் உரசிக்கொண்டு ஏறி இறங்கும் பளபளப்பான உள்குழாயில் ஒரு துளி பெயிண்ட்கூடப் படக் கூடாது. பட்டால் சீல் கெட்டு எண்ணெய் கசியத் தொடங்கும். ரிம் விஷயம் செலவு பிடித்தது. குரோமியத்தின் வழவழப்பில் பெயிண்ட் ஒட்டாது என்பதால் முதலில் அதை நீக்க வேண்டும். அதற்கு முன் ஸ்போக்ஸ் கம்பிகளைக் கழற்றி, பிறகு மறுபடி கோத்து, கோட்டம் எடுக்க வேண்டும். நல்ல குரோமியம் இருக்கும்போது இத்தனை வேலை எதற்கு? பவுடர் கோட்டிங்குக்கு எந்தப் பாகத்தைக் கொடுத்தாலும், திருகு மரைகளையும் பேரிங் உட்காரும் இடங்களையும் மறைத்துவிட்டு அடிக்கும்படி வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வண்டியைக் கட்டும் நாளில் போல்ட் ஏறாமல் நிற்பீர்கள்.

கழித்துப் பார்த்தால் உங்கள் ஐந்தில் மிஞ்சுவது செயின் கார்டும் ஃபோர்க்கின் வெளிக்குழாயும்தான். செயின் கார்டையும் கறுப்பாக்கி, அதன் விளிம்பிலும் டூல்பாக்ஸ் மூடியிலும் டேங்கின் கோட்டையே தொடர்ந்து இழுத்தால் முன்னும் பின்னும் இணைந்துவிடும். நானாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஒரு எச்சரிக்கை. பல ஆண்டுகளுக்கு முன் என் வண்டிக்கு ஆரஞ்சு நிறம் ஒன்றை இரவில், பட்டறையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் காலை வெயிலில் அது தெருவில் குழி தோண்டினால் வைக்கும் எச்சரிக்கைப் பலகை போல எரிந்தது. எனவே பழைய தகரத் துண்டு ஒன்றில் அடித்து, காலை, நடுப்பகல், தெருவிளக்கு என்று மூன்று வெளிச்சத்திலும் பாருங்கள். சிவப்பு பல பெயிண்டுகளில் வெயிலுக்குச் சீக்கிரம் வெளிறும் நிறம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே எண்ணுள்ள நிறமே ஆனாலும் பவுடராக ஒரு விதமாகவும் பெயிண்டாக வேறு விதமாகவும் தெரியும். பக்கத்துப் பக்கத்துப் பாகங்களுக்கு இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: என் வண்டிக்கு இங்கேயே பதனிட்ட பழுப்புத் தோலில் சீட்டு தைத்திருக்கிறேன். கைப்பிடி ரப்பர்களையும் அதே பழுப்பில் வாங்கலாமா? – ஆம்பூர் வாசகர்

பதில்: தோலைப் பற்றி ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனாலும், பட்டையில் பதனிட்ட தோல் வெயிலிலும் கைபடுவதிலும் மாதத்துக்கு மாதம் கருத்துக்கொண்டே போகும். ரப்பரின் பழுப்பு அப்படி மாறாது. இன்று ஒத்துப்போகும் இரண்டும் ஆறு மாதத்தில் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும். கைப்பிடியையும் அதே தோலில் சுற்றித் தைத்தால் இரண்டும் சேர்ந்தே கருக்கும். இல்லையென்றால் ரப்பர் கறுப்பாகவே இருக்கட்டும்.

கேள்வி: டேங்க் முழுவதும் ராணுவப் பச்சை அடித்து, ஆரஞ்சு நிறத்தில் கோடு போட நினைக்கிறேன். போலீஸ் பிடிப்பார்களா? – காட்பாடி வாசகர்

பதில்: கோட்டுக்காக யாரும் நிறுத்தப்போவதில்லை, சிக்கல் பச்சையில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே ஒதுக்கி, மற்ற வண்டிகளுக்கு அதை அடிக்கக் கூடாது என்கிறது. வேறு நிறத்துக்கு மாறினாலும், ஆர்.சி.யில் வண்டியின் நிறம் குறிக்கப்பட்டிருப்பதால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆரஞ்சு பிடித்திருந்தால் கருஞ்சாம்பல் டேங்கில் போட்டுப் பாருங்கள். வேலூர்க் கோட்டைக் கல்லின்மேல் சாயங்கால வெயில் விழுவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அந்தச் சேர்க்கை.