1754 என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

கேள்வி: நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரில் வசிக்கிறேன். பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் ஆரஞ்சு நிற எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரம் ஒன்றைப் பார்த்தேன். அடியில் 'டி.ஆர்.யூ. ஹாலந்து' என்ற முத்திரை இருக்கிறது. '1754-ஆம் ஆண்டைச் சேர்ந்தது' என்று சீட்டு ஒட்டி, புதுப் பாத்திரத்தைவிடக் கூடுதலாக விலை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். 1754 என்பது அந்த முத்திரைக்குரிய இரும்பு வார்ப்பு ஆலை தொடங்கிய ஆண்டு. அதைப் பாத்திரத்தின் வயதாக்கி விற்பது உங்களை ஏமாற்றும் வேலை. அவர் தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் நட்டம் உங்களுக்குத்தான்.

முத்திரையே இதைச் சொல்லிவிடுகிறது. டீபன்புரோக், ரைகர்ஸ் என்ற இரு குடும்பப் பெயர்களின் முதலெழுத்தும் உல்ஃப்ட் என்ற ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்ததே டி.ஆர்.யூ. அந்த இரு குடும்பங்களும் ஆலைக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். ஆகவே அந்த மூன்று எழுத்தைத் தாங்கிய பாத்திரம் 1754-இல் இருந்திருக்க வழியே இல்லை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தால் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி அல்லது அதற்குப் பிந்தையது என்றே எண்ணத் தோன்றுகிறது. உங்கள் பாட்டி காலத்துப் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் அந்த ஊரின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. உல்ஃப்ட், ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஆக்டர்ஹூக் பகுதியில், பழைய ஐசல் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே இரும்புக்காகச் சுரங்கம் வெட்டவில்லை. தாழ்வான புல்வெளிகளில் மண்ணுக்குச் சற்றுக் கீழே சதுப்புநிலத் தாது கட்டி கட்டியாகக் கிடைத்தது. கரிக்குக் காட்டு மரம் இருந்தது. உலைத் துருத்தியை இயக்கும் சக்கரத்தைச் சுழற்ற ஆற்று நீர் இருந்தது. அந்தத் தாதுவில் பாஸ்பரஸ் அதிகம். பாஸ்பரஸ் மிகுந்த இரும்பு அடித்து வளைக்க உதவாது, உடைந்துவிடும். உருக்கினாலோ தண்ணீர்போல் ஓடி அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறையும். கத்திக்கு ஆகாத அந்த இரும்பு பானைக்கும் அடுப்புக்கும் மிகப் பொருத்தமாக அமைந்தது. ஒரு வட்டாரமே வார்ப்படத் தொழிலில் இறங்கியது இப்படித்தான்.

எனாமல் பூச்சு பிறகு வந்தது. அரைத்த கண்ணாடித் தூளை இரும்பின் மேல் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கி ஒட்டவைப்பதே எனாமல். துருவும் இரும்பு வாடையும் அதனால் நீங்கின. மண்ணெண்ணெய் அடுப்பின் சிறு சுடரில் மாட்டிறைச்சியையும் வெங்காயத்தையும் மணிக்கணக்கில் வேகவைக்கும் 'ஹஷே' போன்ற டச்சு உணவுகளுக்கு, சூட்டைப் பிடித்துவைக்கும் இந்தக் கனத்த பாத்திரம் ஏற்றதாக இருந்தது. 1959-இல் ஸ்லோக்டரனில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டபின் நாட்டின் அடுப்படிகளே மாறிவிட்டன. டி.ஆர்.யூ. நிறுவனம் இன்று டைவன் என்ற ஊரிலிருந்து எரிவாயுக் கணப்புகள் செய்கிறது. உல்ஃப்டின் பழைய ஆலைக் கட்டடங்களில் நூலகமும் அரங்கமும் இயங்குகின்றன. ஒரு நாள் போய்ப் பார்த்து வாருங்கள்.

விலையைப் பேசும்போது இந்தக் கதைக்காக ஒரு யூரோகூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். விலை அங்கேதான் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கையில் அடிப்பகுதி பளபளப்பாக இருந்தால் நல்லது. மங்கிச் சொரசொரப்பாக இருந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. பழுப்புக் கறை மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். சோடா உப்பு கலந்த நீரைக் கொதிக்கவைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். விளிம்பில் சற்றுத் துரு இருந்தாலும் தேய்த்து எண்ணெய் தடவினால் போதும்.

கேள்வி: ஏற்கெனவே வாங்கிவிட்ட பாத்திரத்தின் உள்ளே மிளகு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. பசை வைத்து அடைத்துவிட்டுப் புளிக்குழம்பு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். வெளியே தெரியும் இரும்பு உடலுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் எனாமல் கண்ணாடி, ஒருமுறை பெயரத் தொடங்கினால் ஓரம் மேலும் உதிரும். அந்தத் துணுக்கு சோற்றில் கலந்தால் பல்லையும் வாயையும் பதம்பார்க்கும். கடையில் கிடைக்கும் பசையும் பூச்சும் கொதிக்கும் உணவுக்கானவை அல்ல. புளியும் தக்காளியும் தேய்ந்த பூச்சை மேலும் அரிக்கும். பழைய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் காட்மியம் சேர்ந்த நிறமிகள் இருந்ததுண்டு. நிறம் வெளிப்புறத்தில் மட்டும், உள்ளே சிதையாத வெள்ளை என்றால் சமைக்கலாம். உட்புறமே வண்ணமாக இருந்து தேய்ந்தும் போயிருந்தால் அதில் சமைக்க வேண்டாம், பூச்செடி வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல பாத்திரமாகவே இருந்தாலும் தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். வெறும் பாத்திரத்தை முழுத் தீயில் காயவைப்பதும், சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் ஊற்றுவதும் எனாமலை விரிசல் விடச் செய்யும்.

கேள்வி: பி.கே. என்ற முத்திரையும் டச்சு வார்ப்பிரும்புதானா? காந்தம் ஒட்டுகிறதே?

பதில்: காந்தத்தை வைத்துச் சொல்ல முடியாது, எஃகிலும் ஒட்டும். பி.கே. என்பது 1851-இல் காம்பன் நகரில் பெர்க் குடும்பம் தொடங்கிய நிறுவனம். அதன் பெயர்பெற்ற எனாமல் பாத்திரங்கள் எஃகுத் தகட்டில் செய்தவை. தூக்கிப் பாருங்கள், விளிம்பைத் தடவுங்கள். தகடு என்றால் எடை குறைவாக, விளிம்பு மெல்லியதாகவோ சுருட்டி மடித்தோ இருக்கும். வார்ப்பு என்றால் விளிம்பே கனமாக இருக்கும். கைப்பிடிக் காதுகளும் பெரும்பாலும் உடலோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். இரண்டும் நல்ல பாத்திரங்களே, ஆனால் வார்ப்பிரும்பின் விலையைத் தகட்டுக்குக் கொடுக்காதீர்கள்.