கட்டில் மட்டுமா வந்தது? பழைய சாமானும் பூச்சியும்: கேள்வி பதில்

குன்னூரில் 25 வருடமாகப் பழைய மரச்சாமான் வாங்கி, பழுது பார்த்து, பாலிஷ் போட்டு விற்கிறேன். எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது எனக்கும் ஒரு போன் வரும். இன்று மழை, கடையில் ஆள் இல்லை. பழைய சாமானோடு வரும் பூச்சி பற்றி, உங்கள் ஊர்ப் பெயர் போட்டுக் கேளுங்கள்.

கோத்தகிரி: தேக்குக் கட்டில் ஒன்றை நாளை எடுக்கப் போகிறேன் அண்ணா. மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வண்டியில் ஏற்றும் முன், விற்பவர் வீட்டிலேயே பாருங்கள். கட்டிலைக் குப்புறப் போடுங்கள். சட்டங்கள் சேரும் மூலை, தலைமாட்டுப் பலகையின் முதுகு, பலகைகளின் இடுக்கு, முக்கியமாகத் திருகு உட்கார்ந்திருக்கும் குழி, இங்கேதான் குடியிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு இழுங்கள். பேனா முனையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் கொத்தாக இருந்தால் அது எச்சம். ஈரத்துணியால் துடைத்தால் துரு நிறத்தில் இழுகும். வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர். முட்டை ஒரு மில்லிமீட்டர்தான், வெள்ளையாக மரத்தோடு ஒட்டியிருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போங்கள்.

எனக்கே நடந்தது. ஒரு பங்களாவில் ஈட்டி (ரோஸ்வுட்) மரக் கட்டில், அழகான கடைசல் கால்கள். இருட்டுகிறதே என்று திருகைக் கழற்றாமல் அப்படியே ஏற்றினேன். விற்க மனம் வராமல் வீட்டிலேயே போட்டேன். மூன்றாவது வாரம் மனைவியின் முழங்கையில் வரிசையாக மூன்று தடிப்பு. திருகைக் கழற்றிப் பார்த்தால், குழிக்குள் ஏழெட்டு, மாதுளை முத்து மாதிரி ரத்தம் குடித்து உப்பிக் கிடந்தன. அவள் அன்று சொன்னதை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் சாமான் பார்க்கப் போவதில்லை.

லவ்டேல்: இரண்டு நாள் வெயிலில் போட்டால் செத்துவிடாதா?

நம் மலை வெயில் முகத்தைக் கறுக்க வைக்கும், பூச்சியைக் கொல்லாது. மரத்தின் உள்ளிடுக்கு வரை 50 டிகிரி ஏறி, ஒன்றரை மணி நேரமாவது நிற்க வேண்டும். இங்கே காற்று 20 டிகிரியில் வீசிக்கொண்டே இருக்கும். வெயில் படும் பக்கம் சுட்டால், பூச்சி நடந்து மறு பக்கம் போய்விடும். அதற்குப் பதில் கொதிக்கும் தண்ணீர். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், இந்த வேலைக்கு அது தாராளம். பாலிஷ் போடாத சட்டம், இரும்புக் கட்டில் என்றால் முற்றத்தில் வைத்து இடுக்கு இடுக்காக ஊற்றுங்கள். பாலிஷ் போட்டது வெளுத்துப் போகும், அதில் ஊற்ற வேண்டாம். ஹேர் டிரையர் வேண்டாம், காற்றில் குஞ்சுகள் பறந்து சிதறும்.

அருவங்காடு: மண்ணெண்ணெய் அடிக்கலாமா?

வேண்டாம். குளிருக்குக் கணப்பு மூட்டும் வீட்டில் மண்ணெண்ணெய் ஊறிய கட்டிலா?

தலைக்குந்தா: உறைபனியை ஏன் யாரும் சொல்வதில்லை? எங்கள் பாட்டி ஜனவரியில் கட்டிலை ராத்திரி வெளியே போட்டுவிடுவார். காலையில் உதறினால் பூச்சி போய்விடும்.

உதறியது போயிருக்கும். மிச்சம் உள்ளேதான்.

தலைக்குந்தா: தலைக்குந்தாவில் புல் வெள்ளையாகிறது, நீங்கள் குன்னூரில் உட்கார்ந்து பேசுகிறீர்கள்.

சரி, ஊட்டியில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். உறவினர் வீட்டில் பூச்சி பிடித்த மெத்தை ஒன்று, எரிக்கப் போகிறார்கள். அதற்குள் வெப்பமானியைச் செருகி, மூன்று ராத்திரி வெளியே போட்டோம். காலையில் புல் மேல் உப்புத் தூவியது போலப் பனி. மெத்தைக்குள் 4 டிகிரி. மடிப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் பாட்டிலில் போட்டு அடுப்பருகே வைத்தேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டது.

குளிர் அதைத் தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். குளிரில் பட்டினியும் அதிக நாள் தாங்கும். மாதக்கணக்கில் ரத்தமில்லாமல் கிடக்கும். கொல்ல வேண்டுமானால் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் இடைவிடாமல் இருக்க வேண்டும். நம் பனி விடியற்காலை சில மணி நேரம், ஒன்பது மணிக்கு வெயில் வந்துவிடும்.

மஞ்சூர்: எங்கள் ஊரிலும் பனியில்தான் போடுவோம். தலைக்குந்தாக்காரர் சொல்வது சரி.

இரண்டு பேரும் அடுத்த கேள்விக்கு வழி விடுங்கள்.

எல்லநள்ளி: வாங்கிய அலமாரிக்குக் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டுகிறது.

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. மரம் உளுக்கிறது. துளைப்பான் வண்டின் புழு உள்ளே மாதக்கணக்கில் தின்றுவிட்டு, வண்டாகி, ஊசிமுனை ஓட்டை போட்டு வெளியேறும். ஓட்டை இருப்பதாலேயே பயப்படாதீர்கள். பழைய ஓட்டையின் உள்விளிம்பு கறுத்திருக்கும், புதியது அப்போதுதான் அறுத்த மரத்தின் நிறத்தில் இருக்கும். ஓட்டைகளைச் சோப்பால் அடைத்து, கீழே வெள்ளைக் காகிதம் விரித்து, இரண்டு மாதம் விடுங்கள். புதுத் தூளோ புது ஓட்டையோ வந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

இது மரத்தின் மாவுச்சத்தைத் தின்னும் ஜாதி. தேக்கிலும் ஈட்டியிலும் வைரத்தை, அதாவது நடுவில் உள்ள கறுத்த கெட்டிக் கட்டையை, தொடாது, ஓரத்து வெள்ளைக் கட்டையைத்தான் தின்னும். சில்வர் ஓக்கில் செய்ததாக இருந்தால் கவனம். பாலிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த வெந்நீரைத் தூரிகையால் இரண்டு மூன்று தடவை ஊறவிடுங்கள். பாலிஷ் மேல் பூசினால் வழிந்து தரைக்குத்தான் போகும். கலவை குழந்தைகள் கையில் படாமல் இருக்கட்டும்.

கூடலூர்: பழைய நாற்காலிக் காலில் கறையான் மண் இருக்கிறது. வீட்டுக்குப் பரவுமா?

மண்புற்றுக் கறையானுக்கு மண்ணும் ஈரமும் வேண்டும். நாற்காலியோடு வந்தது காய்ந்து செத்துவிடும். தட்டிவிட்டுக் காலைக் குத்திப் பாருங்கள், பொத்தலாக இருந்தால் வாங்காதீர்கள்.

வெலிங்டன்: பழைய ஃபிரிட்ஜ்?

பின்னால் மோட்டார் பக்கம் திறந்து பாருங்கள். முதுகில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட சின்னக் கரப்பான் அந்தச் சூட்டில்தான் கூடு கட்டும். ஒரு முட்டைப்பையில் 30, 40 குஞ்சு. ஸ்ப்ரே அடித்தால் சிதறும், ஜெல் மருந்து வையுங்கள்.

குன்னூர்: அண்ணா, கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மேலே கோத்தகிரிக்காரருக்கு எழுதியிருக்கிறேன். படியுங்கள் தம்பி.

கேத்தி: பழைய ஸ்வெட்டர், புத்தகம் வாங்கினால்?

இரண்டுக்கும் ஃபிரீசர். கம்பளியில் அந்துப்பூச்சிப் புழு இருக்கும், புத்தகத்தில் ராமபாணம். காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகு பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பைக்கு நம் மாவட்டத்தில் தடை என்பதால், மூடி இறுக்கமான டப்பாவும் சரிதான்.

ஊட்டி: ஒரு விடுதியில் சோபா இலவசமாகத் தருகிறார்கள்.

வேண்டாம்.

ஊட்டி: துணி உறை புதிதாகத் தைத்துவிடலாமே அண்ணா?

வேண்டாம் என்றேன்.

குன்னூர்: தானியத்துக்குப் போடும் மாத்திரையை அறையில் வைத்து மூடினால் எல்லாம் செத்துவிடும் என்கிறார்களே?

மனிதரும்தான். அந்த மாத்திரை ஈரக் காற்றில் பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவரே ஈரம். பக்கத்து அறைக்கும் கசியும். தூங்கிய குடும்பங்கள் எழவில்லை என்ற செய்திகள் உண்டு. அதை முறைப்படி வாங்க அனுமதியே பூச்சி ஒழிப்பு நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும்தான். யாராவது கடையில் ரகசியமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். இதைக் கேட்ட நான்காவது ஆள் நீங்கள், மற்ற மூன்று பேர் தனியாகக் கேட்டார்கள். அவர்களும் படிக்கட்டும்.

கோத்தகிரி: கடித்த இடம் வீங்கியிருக்கிறது, என்ன தடவலாம்?

டாக்டரிடம் காட்டுங்கள். நான் மரத்துக்குத்தான் மருந்து போடுவேன்.

தலைக்குந்தா: ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், பனி என்றால் என்ன என்று காட்டுகிறேன்.

வருகிறேன். பாட்டியின் கட்டிலை எடுத்து வையுங்கள், ஸ்க்ரூடிரைவர் நான் கொண்டுவருகிறேன்.