ஐந்தரை மணி டியூஷனும் தூக்க மிட்டாயும்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகனுக்கு 16 வயது. காலை 5.30 மணிக்கு இயற்பியல் டியூஷன், மாலையில் பள்ளி முடிந்ததும் நீட் பயிற்சி. இரவு பன்னிரண்டுக்கு மேல்தான் தூக்கம் வருகிறது. வகுப்பில் தூங்கி வழிகிறான் என்று ஆசிரியர்கள் புகார் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் தெரிந்தவர் ஒருவர் மெலடோனின் மிட்டாயும் ஞாபகசக்தி டானிக்கும் கொடுத்திருக்கிறார். தரலாமா?

பதில்: இரண்டையும் தர வேண்டாம். உங்கள் மகனுக்கு வந்திருப்பது நோயன்று, நேரப் பற்றாக்குறை. பன்னிரண்டு மணிக்குப் படுத்து, டியூஷனுக்காக ஐந்து மணிக்கு எழுகிறவனுக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை. குறைகிற மூன்று மணி நேரத்தை எந்த மாத்திரையும் உண்டாக்கித் தராது.

"பத்து மணிக்கே படுடா" என்று நீங்கள் சொல்லியும் அவன் புரண்டுகொண்டே கிடப்பது அடம் அன்று. பருவமடையும் காலத்தில் உடலின் உள் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவானதை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் சிறு வயதில் சுரந்ததைவிடத் தாமதமாகச் சுரக்கிறது, காலையிலும் விழிப்பு அதே அளவு தாமதமாகிறது. இதைக் கருதித்தான் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கோ, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே ஒரு டியூஷனை முடித்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது.

கடைக்காரர் கொடுத்த மிட்டாயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இப்போது என்னிடம் வரும் பெற்றோர் பலர் கைப்பையில் அந்தப் புட்டியோடுதான் வருகிறார்கள். மெலடோனின் ஆளை அடித்துப் போடும் தூக்க மருந்து அன்று. அது உடலுக்கு நேரம் சொல்லும் சமிக்ஞை, தவறான வேளையில் கொடுத்தால் கடிகாரத்தை இன்னும் குழப்பிவிடும். 2023-இல் அமெரிக்காவில் இத்தகைய 25 மிட்டாய்த் தயாரிப்புகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, 22-இல் லேபிளில் அச்சிட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. மருத்துவர் வேளையும் அளவும் குறித்துக் கொடுத்தாலொழிய அதைத் தொடாதீர்கள். சளி மருந்தைத் தூக்கத்துக்கென்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்; அது மறுநாள் காலை வகுப்பிலும் பையனை மந்தமாகவே வைத்திருக்கும். ஞாபகசக்தி டானிக்கோ தூக்கத்தின் வேலையைச் செய்யாது. படித்தது மனத்தில் பதிவதே தூக்கத்தில்தான். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் ஏறத்தாழப் பாதி, இரண்டு மணிக்கும் உடலில் இருக்கும். விழித்திருக்கக் காபி, தூங்க மிட்டாய், மறதிக்கு டானிக் என்று மூன்றுக்கும் பணம் கொடுப்பவர் நீங்கள்.

செல்போனையும் வீட்டார் குற்றம் சொல்கிறார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் டியூஷன் வாத்தியாரே இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வினாத்தாள் அனுப்பினால் பையன் போனை எங்கே வைப்பான்?

நோயன்று என்றேனே, அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். விடுமுறையில் இரண்டு வாரம் தொடர்ந்து எட்டு, ஒன்பது மணி நேரம் தூங்கிய பிறகும் பகலில் தூங்கி வழிகிறானா? வாரத்தில் பல இரவுகள் சத்தமாகக் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்தபடி தூங்குகிறானா, மூச்சு சில நொடிகள் நின்று பிறகு திணறி வருகிறதா? சளி பிடித்த நாளின் குறட்டையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒல்லியான பையனுக்கு இந்தத் தூக்க மூச்சுத் தடை வராது என்றும் எண்ணாதீர்கள். தொண்டையிலுள்ள டான்சில், மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு ஆகிய சதைகள் வீங்கியிருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும். அவன் தூங்கும்போது மூச்சுச் சத்தம் கேட்கும்படி ஒரு நிமிடம் செல்போனில் படம் பிடித்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் இரவு முழுக்கக் கண்காணிக்கும் தூக்கப் பரிசோதனைக்கு அவர் எழுதித் தருவார். கைக்கடிகாரம் காட்டும் தூக்க மதிப்பெண் பரிசோதனை ஆகாது.

குறட்டை இல்லையென்றால் செய்ய வேண்டியது, காலை டியூஷனை நிறுத்துவது அல்லது மாலைக்கு மாற்றுவது. பயிற்சி வகுப்புகள் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிகாலையிலும் மாலை வெகுநேரம் கழித்தும் நடக்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிய பயிற்சி மையம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் நேரத்தை மாற்றக் கேட்கும்போது தயங்காமல் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

படுக்கும் நேரத்தைச் சில நாள்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னே கொண்டுவந்து பத்தரையில் நிறுத்துங்கள், எழுவது ஆறரைக்கு. எழுந்ததும் மொட்டைமாடி வெயிலில் சிறிது நேரம் நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம், மதியம் வரை வேண்டாம். மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று பழைய நேரத்துக்குத் திரும்பிவிடாதீர்கள்.